டாக்டர் சாப்பிட்ட அம்பாசிடர்

கெங்கம்மாவின் காரை டாக்டர் சண்முகசுந்தரம் சாப்பிட ஆரம்பித்தது தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஐப்பசியில், மழை கொட்டோ கொட்டென்று கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதலில் சாப்பிட்டது வைப்பர். ஒரு கிலோ நெத்திலி. வைப்பர் நல்ல மொறுமொறுப்பு என்று டாக்டரே வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

இதைக் கேட்டு யாரும் தலையைச் சொறிய வேண்டாம். கெங்கம்மா யாரென்று தெரிந்துகொண்டால் மீதி தானாக விளங்கிவிடும்.

கெங்கம்மா கொட்டிவாக்கம் குப்பத்துக்காரி. புருஷன் தேசப்பன் கடலுக்குப் போவான். அவன் கொண்டுவரும் மீனைக் கூடையில் அடுக்கிக்கொண்டு போய் அடையாறு காந்தி நகரில் தெருத்தெருவாக விற்பது இவள் வேலை. குரல் என்றால் அப்படி ஒரு குரல். முதல் மெயின் ரோட்டில் வாயைத் திறந்தால் நாலாவது மெயின் ரோட்டுப் பூனைகள் எழுந்து உட்காரும். டாக்டரைக்கூட நீ, வா, போ என்றுதான் பேசுவாள். கூடவே ஒரு 'சார்' சேர்த்துவிட்டால் மரியாதை முடிந்தது. நாற்பது வயது, வெற்றிலைச் சிவப்பு வாய், எதற்கும் பயப்படாத ஜென்மம். கடன் என்ற ஒன்றைத் தவிர.

கல்யாணமான புதிதில் தேசப்பன் வட்டிக்கு வாங்கிப் படகு வாங்கினான். வட்டி குட்டி போட்டது. ஒரு நாள் காலையில் வட்டிக்காரன் ஆட்களோடு வந்து, குப்பமே பார்த்துக்கொண்டிருக்க, படகை மணலில் இழுத்துக்கொண்டு போனான். படகு போன தடம் மணலில் கிடந்ததைப் பார்த்தபோது கெங்கம்மாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அன்றோடு முடிந்தது. அதற்கப்புறம் மளிகைக்கடையில் ஒரு தீப்பெட்டிகூட அவள் கடனுக்கு வாங்கியதில்லை. இனாமும் வாங்கமாட்டாள். இனாம் என்பது தேதி போடாத கடன் என்பது அவள் எண்ணம். உழைத்துத்தான் அடுத்த படகை வாங்கினார்கள், அதற்கு எத்தனையோ வருஷம் பிடித்தது.

இப்போது அந்த மழை ஞாயிறுக்கு வருவோம். கொட்டிவாக்கத்தில் பஸ் ஏறியவளைத் திருவான்மியூரில் கண்டக்டர் இறக்கிவிட்டான். மழைக்கு ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கிறதாம், மீன் வாடை ஜனங்களுக்கு ஆகாதாம். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, கண்டக்டரின் ஏழு தலைமுறையையும் உரக்க விசாரித்துக்கொண்டே, நனைந்த கோழியாக டாக்டர் வீட்டுப் போர்ட்டிகோவில் வந்து நின்றாள்.

டாக்டர் சண்முகசுந்தரத்துக்கு மந்தைவெளியில் கிளினிக். கைராசிக்காரர். மீன் என்றால் உயிரை விடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வருகிறதோ இல்லையோ, கெங்கம்மா வந்துவிட வேண்டும். அவளை அந்தக் கோலத்தில் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு.

"ஏன் கெங்கம்மா இந்தப் பாடு? பேசாம ஒரு கார் வாங்கிடேன்."

கிண்டல்தான் செய்தார். கெங்கம்மா கூடையை இறக்கிவிட்டுத் திரும்பினாள். போர்ட்டிகோவில் டாக்டரின் அம்பாசிடர் நின்றுகொண்டிருந்தது. எழுபத்தாறு மாடல், பால் வெள்ளை. அவள் அதைச் சுற்றி வந்தாள். டயரை ஒரு உதை உதைத்தாள்.

"இத்த இன்னா வெலைக்குக் குடுப்ப?"

"முப்பதாயிரம் குடு, எடுத்துக்கோ" என்றார் டாக்டர், இன்னும் சிரித்துக்கொண்டு.

"சரி. காசா குடுக்கமாட்டேன். மீனா குடுப்பேன். வாராவாரம் நீ துன்னு. முப்பதாயிரத்துக்குத் துன்னு முடிக்கிற அன்னிக்கு வண்டி என்னுது."

டாக்டரின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"ஏன் கெங்கம்மா, காசைச் சேத்து வச்சு மொத்தமா குடேன்" என்றார்.

"கையில காசு இருந்தா சும்மா வுடுவாங்களா சார்? கொயுந்தன் கேப்பான், நாத்தனார் கேப்பா, கோயில் திருவியான்னு ஊரு கேக்கும். சீட்டு கம்பெனியில போடலாம்னா காலையில தொறந்து சாயங்காலம் மூடிட்டு ஓடறான். உன் வவுத்துல போட்டு வச்சா எவன் வந்து கேப்பான்?"

இதைவிடப் பத்திரமான பாங்கி சென்னையில் எங்கே இருக்கிறது சொல்லுங்கள். டாக்டர் மனதுக்குள் கணக்குப் போட்டார். தேய்ந்த வண்டி, இன்னும் நாலைந்து வருஷம் தானே ஓட்டிக்கொள்ளலாம், அத்தனை வருஷமும் பைசா எடுக்காமல் மீன். அவருக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே இருந்த மனைவி ஜானுவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். ஜானு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மழையில யாருக்கு மூளை நனைஞ்சுதுன்னு தெரியலை" என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

நடுவர் இனாயத். டாக்டரின் டிரைவர், ராயப்பேட்டைக்காரர், அந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்து ஓட்டுகிறவர். அவர்தான் அன்று சாயங்காலம் உட்கார்ந்து காரைப் பாகம் பாகமாக விலை போட்டார். வைப்பர் ஒரு கிலோ நெத்திலி. ஹெட்லைட் இரண்டுக்கும் இரண்டு வவ்வால் மீன். டயர் ஒன்றுக்கு இத்தனை வாரம் சங்கரா. இன்ஜினுக்கு ஒன்றரை வருஷத்து வஞ்சிரம், அதில் பேரமே கிடையாது என்று தாடியைத் தடவிக்கொண்டு சொல்லிவிட்டார். எது சாப்பிட்டாயிற்று, எது சாப்பிடவில்லை என்று குழப்பம் வரக்கூடாதே. அதற்குக் கெங்கம்மா தன் மகள் அனுவின் நெயில் பாலிஷைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு பாகம் தீர்ந்ததும் அதன்மேல் சிவப்பாக ஒரு பொட்டு.

அதற்குப் பிறகு காந்தி நகரில் ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் தனி அழகாகிவிட்டன. டாக்டர் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் "இன்னிக்கு என்ன?" என்பார். "கியர் பாக்ஸ், சாப்" என்பார் இனாயத் வாசலிலிருந்து. டாக்டர் ரசித்துச் சாப்பிடுவார். "கியர் பாக்ஸ்ல முள்ளு கொஞ்சம் ஜாஸ்தி" என்று சாயங்காலம் கிளினிக்கில் கம்பவுண்டரிடம் சொல்லுவார். ரேடியேட்டரைக் குழம்பு வைத்தாள் ஜானு. பாட்டரியைப் புட்டு செய்தாள். மருமகப் பிள்ளை பெங்களூரிலிருந்து வந்திருந்தபோது முன் சீட்டை ஒரே மூச்சில் முடித்துவிட்டார்கள்.

வண்டி மேல் பொட்டு ஏற ஏற, ஊர் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தது. அம்பாசிடர் ஒரு மார்க்கமாகச் சிவந்துகொண்டே வந்தது. மந்தைவெளியில் நோயாளிகள், டாக்டர் வண்டிக்கே அம்மை போட்டிருக்கிறதே என்று வேப்பிலை கொண்டுவந்து பம்பரில் செருகினார்கள். எல்.பி. ரோடு சிக்னலில் போலீஸ்காரர் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, எல்லாக் காகிதத்தையும் பார்த்துவிட்டு, கடைசியில், "அது இன்னா சார் பொட்டு?" என்று தணிந்த குரலில் கேட்டார். "அதெல்லாம் நான் சாப்பிட்டதுப்பா" என்றார் டாக்டர். போலீஸ்காரர் சல்யூட் அடித்து அனுப்பிவிட்டார்.

கெங்கம்மாவுக்கோ நாளுக்கு நாள் உரிமை கூடிக்கொண்டே போனது. "பாய், பின் டயரு ரெண்டும் என்னுது, பாத்து ஓட்டு" என்று இனாயத்தை வழியில் மறித்துச் சொல்வாள். ஒரு தடவை கார்புரேட்டர் மக்கர் செய்தது. கார்புரேட்டர் தின்றாகிவிட்டது, ஆகவே ரிப்பேர் செலவு கெங்கம்மாவுடையது என்றார் டாக்டர். "என் பொருள எடுத்து நீ ஓட்டிக் கெடுத்துட்டு என்கிட்டயே காசா? இன்னா ஞாயம் சார் இது?" என்று அவள் தெருவில் நின்று கேட்ட கேள்விக்கு, எதிர்வீட்டு ரிடையர்டு ஜட்ஜ் பால்கனிக்கு வந்து கைதட்டினார். டாக்டரே ரிப்பேருக்குக் காசு கொடுத்தார்.

குப்பத்தில் அவளை யாரும் சும்மா விடவில்லை. "இன்னா கெங்கம்மா, காரு எது வரிக்கும் வந்துகீது?" என்பார்கள். "இஞ்சின் பாதி வந்துகீது" என்பாள் நிமிர்ந்து. உள்ளுக்குள் அவள் போட்டிருந்த திட்டம் வேறு. கார் வந்ததும் மேலே காரியர் மாட்டி, தன்னைப்போல் பஸ்ஸில் இறக்கிவிடப்பட்ட நாலு பெண்களைக் கூடையோடு ஏற்றிக்கொண்டு அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் என்று வெயில் ஏறுவதற்குள் வியாபாரத்தை முடித்துவிட வேண்டும். இனாயத்தும் கூட்டு. டாக்டர் சாப்புக்கு வயசாகிறது, சாயங்காலத்தில் அவருக்கு நடைதான் நல்லது, நான் உன்னோடு வந்துவிடுகிறேன் என்று அவர் எப்போதோ வாக்குக் கொடுத்துவிட்டார்.

தொண்ணூற்றேழு முடிகிற சமயம் அனுவுக்கு வரன் வந்தது. காசிமேட்டுப் பையன், தங்கமான பையன். அவன் அம்மாதான் கொஞ்சம் கண்டிப்பு. நிச்சயதார்த்தத்தில் தாம்பூலம் மாற்றும்போது அந்தச் சம்பந்தியம்மா எல்லார் எதிரிலும் கேட்டாள்.

"பொண்ணு எதுல வரும்? வேன் ஏதாச்சும் சொல்லிகீறீங்களா?"

"என் கார்ல வரும்" என்றாள் கெங்கம்மா.

"உன் காரா? வாடகையா, வட்டிக்கு வாங்கினதா?"

"வட்டியும் இல்ல, வாடகையும் இல்ல. என்னுது."

சம்பந்தியம்மா உதட்டைச் சுழித்து, "பாக்கலாம்" என்றாள். கல்யாணம் பங்குனியில். காரில் பாக்கி இருந்தது பின்கதவு இரண்டு, டிக்கி, அப்புறம் ஹாரன். தை, மாசி ஞாயிறுகள் தாராளமாகப் போதும். கெங்கம்மா கவலையே படவில்லை. கையிலிருந்த காசையெல்லாம் தாலிக்கும் பட்டுக்கும் பந்திக்கும் இறைத்துவிட்டாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் டாக்டர் ஒரு பால்ய சிநேகிதரோடு தைப்பூசத்துக்கு வடலூர் போனார்.

ஜோதி பார்த்தார். சன்னிதானத்தில் புலால் உண்ணாதவர்களுக்குத்தான் உள்ளே இடம் என்று தெரிந்ததும், வாசலிலேயே நின்று கண்ணீர் விட்டாராம். வீட்டுக்கு வந்தார், இனி இந்த வாய்க்குள் ஓர் உயிர் போகாது என்றார். மீன் சட்டி தோட்டக்காரனுக்குப் போயிற்று. அம்மி மூன்று தண்ணீர் கண்டது. ஊரில் எத்தனையோ கம்பெனி மூடியபோதும் மூடாத அந்தப் பாங்கி, இரண்டு கதவும் டிக்கியும் ஹாரனும் பாக்கியில் சாத்திக்கொண்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கெங்கம்மா கூடையில் கடம்பாவும் வஞ்சிரமுமாக வந்து நின்றபோது டாக்டர் கைகூப்பினார்.

"கெங்கம்மா, இனிமே இந்த வீட்டுல மீன் கிடையாது."

"ஏன் சார், ஒடம்பு செரியில்லயா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. மனசு மாறிடுச்சு."

"மனசு மாறட்டும் சார். வாயிக்கு இன்னா வந்துது?"

அவர் விளக்கமாகச் சொன்னார். கெங்கம்மா அப்படியே போர்ட்டிகோவில் உட்கார்ந்துவிட்டாள். வண்டி அவள் கண்முன்னால்தான் நின்றது. தலையிலிருந்து கால் வரை சிவப்புப் பொட்டு, பின்கதவும் டிக்கியும் மட்டும் வெள்ளை வெளேரென்று.

டாக்டர் நல்ல மனுஷர், அதில் சந்தேகமே வேண்டாம். "பாக்கியெல்லாம் விட்டுத்தள்ளு. வண்டியை இப்பவே எடுத்துட்டுப் போ" என்றார்.

"இனாமா? வாணாம் சார்."

"இனாம் இல்லை. அப்புறமா மெதுவா குடு."

"அது கடன் சார்."

"சரி, மீனுக்குப் பதிலா கீரை கொண்டு வாயேன். வாழைக்காய் கொண்டு வா. நான் சாப்பிடறேன்."

கெங்கம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "நான் இன்னா கீரக்காரியா? கீரய நான் காசு குடுத்து எவன்கிட்டயாவது வாங்கி உனக்குக் குடுக்கணும். கையில ஏது காசு? விக்கிற காசெல்லாம் கல்யாணத்துக்கே பத்தல. கடல்லதான் எனக்கு சொத்து கீது." கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். போகும்போது வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் தேசப்பன், "அவரே குடுக்கறாரு, வாங்கிக்கினா இன்னா? கொறஞ்சா பூடுவ?" என்றான். "வாங்கிக்கினா அப்புறம் அந்த வூட்டாண்ட நின்னு வெல சொல்ல முடியுமாய்யா? ஆயுசுக்கும் அவரு பாத்து போட்டதுதான் காசு" என்றாள் கெங்கம்மா. அனு, "வாடகைக் காரு போதும்மா" என்று மெல்ல ஆரம்பித்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். கெங்கம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. எல்லார் எதிரிலும் என்னுது என்று சொல்லியாயிற்று. சொன்னபடி நடக்க இனி வழி இல்லை. அவமானம் ஒரு பக்கம், அதைவிட, நாலு வருஷத்துக்கு மேலாகத் தன்னுடையதாகவே நினைத்துவிட்ட பொருள் கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டு எட்டமாட்டேன் என்கிறதே என்ற ஆற்றாமை. ராணி மாதிரி இருந்தவள் ரெண்டு வாரத்தில் துவண்டுபோனாள்.

மூன்றாவது வாரம் அம்பாசிடர் தானே குப்பத்துக்கு வந்தது. இனாயத் ஓட்ட, பின்னால் ஜானு. அந்த அம்மாள் குப்பத்துக்கு வருவது அதுதான் முதல் தடவை. இறங்கியதும் காற்றை ஒரு இழுப்பு இழுத்தாள். எங்கோ மீன் வறுபட்டுக்கொண்டிருந்தது. ஜானுவின் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

"கெங்கம்மா, மூணு வாரமா எங்க வீட்டுல சாம்பார், ரசம், கத்திரிக்காய். மறுபடியும் சாம்பார். நேத்து கனவுல வஞ்சிரம் வந்துச்சு."

"ஐயோ பாவம்மா நீ."

"அவர் விரதம் அவருக்கு. நான் எங்கே ஜோதி பார்த்தேன்? கார் விலையை வீட்டுக்குத்தானே பேசினே? அவர் சாப்பிட்டாத்தான் செல்லும், நான் சாப்பிட்டா செல்லாதுன்னு இருக்கா?"

கெங்கம்மா இனாயத்தைப் பார்த்தாள். இனாயத் தாடியைத் தடவினார். "சாப் வீடு, சாப் வீட்டு விருந்தாளி, ரெண்டும் கணக்குல உண்டு. மாப்பிள்ளை தின்ன முன் சீட்டை எடுத்துக்கலியா?" என்றார்.

"எங்க வீட்டுல அடுப்பு மூட்ட முடியாது. வர்ற ஞாயித்துக்கிழமை இங்கே, இந்த மணல்லயே விருந்து. மீன் உன்கிட்ட கார் கணக்குல வாங்கறேன். விருந்து என்னோடது, கூப்பிடறதும் நான். ரெண்டு கதவு, டிக்கி, ஹாரன், ஒண்ணு பாக்கி வைக்காம தின்னு தீத்துடறோம்" என்றாள் ஜானு.

கெங்கம்மா அந்த அம்மாளைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட கையில் மீன் செதில். ஜானு அதைத் தட்டிக்கூட விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கொட்டிவாக்கம் லேசில் மறக்காது. தேசப்பனின் வலை அன்றைக்குக் கிழிகிற மாதிரி வந்து கரையேறியது. ஜானு கண்ணில் பட்டவரையெல்லாம் கூப்பிட்டிருந்தாள். கிளினிக்கிலிருந்து கம்பவுண்டரும் நர்ஸுகளும் வந்தார்கள். இஸ்திரிக்காரர் குடும்பத்தோடு வந்தார். எதிர்வீட்டு ஜட்ஜ், வீட்டில் யாருக்கும் தெரியாமல், காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். இனாயத்தின் மனைவி அஸ்மத்துன்னிசா தன் பக்கத்துக்கு ஒரு வேன் நிறைய ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தாள். மீனை எடை போட்டு ஜானுவிடம் கொடுத்த கெங்கம்மா, தன் வீட்டார் யாரும் ஒரு துண்டுகூட வாயில் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். தன் காரைத் தானே தின்றால் கணக்கு எப்படி நேராகும்? தேசப்பன் வாயில் ஊறியதை விழுங்கிக்கொண்டு அடுப்புக்கு விறகு தள்ளினான்.

டாக்டரும் வந்திருந்தார். காற்று வருகிற பக்கமாக, கவிழ்த்துப் போட்ட ஒரு படகு நிழலில், தயிர்சாதமும் எலுமிச்சங்காய் ஊறுகாயுமாக உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கடலைப் பார்த்தது, மூக்கு எதைப் பார்த்தது என்று நான் சொல்லப்போவதில்லை.

முதல் பந்தியிலேயே வலது கதவு காலி. இனாயத் எழுந்து போய்ப் பொட்டு வைத்தார், குப்பம் விசிலடித்தது. இடது கதவைக் கிளினிக் கும்பல் தீர்த்தது. டிக்கி பெரிசு. அதில் பாதியை அஸ்மத்துன்னிசாவின் தம்பிகள் பார்த்துக்கொண்டார்கள், கால்வாசியை ஜட்ஜ் ஒருவரே முடித்தார், மப்ளர் எப்போது அவிழ்ந்தது என்று அவருக்கே தெரியாது. ஜானு முள்ளை எடுத்து எடுத்து வைத்து, மூன்று வாரத்துக் கத்திரிக்காயைப் பழி தீர்த்துக்கொண்டிருந்தாள். டிக்கிக்கும் பொட்டு விழுந்தது.

பாக்கி ஹாரன். வறுத்த சங்கரா, ஒன்றே ஒன்று, தட்டில் பளபளவென்று கிடந்தது.

யாராலும் முடியவில்லை. மணலில் ஆளாளுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தார்கள். ஜானு கையை நீட்டினாள், நீட்டிய கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். "ஒரு கடி" என்று கெங்கம்மா கம்பவுண்டரிடம் கெஞ்சினாள். அவர் வாயைத் திறக்கவே பயந்து தலையை மட்டும் ஆட்டினார். ஒரு நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. "நாயை யாரும் விருந்துக்குக் கூப்பிடலை" என்று இனாயத் விரட்டினார். இத்தனை பேர் இத்தனையும் தின்றுவிட்டு, ஒரு ஹாரனில் வந்து சிக்கிக்கொண்டுவிட்டது. கெங்கம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டியது.

அந்த நேரத்தில் மணலில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை வந்துகொண்டிருந்தாள். காசிமேட்டுச் சம்பந்தியம்மா. கார் கார் என்று ஊரெல்லாம் பேச்சு, அப்படி ஒன்று உண்மையில் இருக்கிறதா என்று நேரில் பார்த்துவிடுவது என்று மூன்று பஸ் மாறி வந்திருந்தாள். வெயில் வேறு, பசி வேறு.

"எங்க உன் காரு?" என்றாள் வந்ததும் வராததுமாக.

கெங்கம்மா வாயைத் திறப்பதற்குள் ஜானு எழுந்துவிட்டாள். "வாங்க, வாங்க. இது எங்க வீட்டு விருந்து. முதல்ல ஒரு வாய் சாப்பிடணும்." உட்காரவைத்து, இலை போட்டு, சோறு போட்டு, சங்கராவை வைத்தாள்.

சம்பந்தியம்மா சாப்பிட ஆரம்பித்தாள். ஒரு குப்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அவள் நடுமுள்ளை நிதானமாக உருவினாள். தலையைத் தனியாக எடுத்து வைத்து, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். நர்ஸுகள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னாத்துக்கு எல்லாரும் என் வாயவே பாக்கறீங்க?"

"நல்லாகீதான்னு பாக்கறோம்" என்றாள் கெங்கம்மா.

"நல்லாத்தான் கீது" என்று ஒப்புக்கொண்டு, சம்பந்தியம்மா தலையை எடுத்து உறிஞ்சி, முள்ளை இலை ஓரத்தில் போட்டாள்.

இனாயத் ஓடினார். அந்த வயதில் அவர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. வண்டிக் கதவைத் திறந்து, கையை வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினார். அம்பாசிடர் கொட்டிவாக்கம் முழுக்கக் கேட்கும்படி பாம் என்று அலறியது. குப்பம் எழுந்து ஆடியது. அனு நெயில் பாலிஷோடு ஓடினாள். ஜட்ஜ் மப்ளரைச் சுழற்றினார். சம்பந்தியம்மா மட்டும், சாப்பிட்டுக் கை கழுவுவதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று திகைத்துப்போய் நின்றாள்.

டாக்டர் எழுந்து வந்து சாவியைக் கெங்கம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். அவள் ஆடவில்லை. மணலில் உட்கார்ந்து, சாவியை மடியில் போட்டுக்கொண்டு, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். அவ்வளவு சந்தோஷத்தை வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"தோ, அதான் காரு" என்றாள் பிறகு சம்பந்தியம்மாவிடம். "கடசிக் காச நீதான் கட்டின." அந்த அம்மாளுக்கு விஷயம் விளங்க கொஞ்ச நேரமாயிற்று. விளங்கியதும், வெட்கமா சிரிப்பா என்று தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, தானும் டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்தாள்.

வெயில் தாழ்ந்தது, கூட்டம் கலைந்தது. இனாயத்தை ஓட்டச் சொல்லி, கெங்கம்மா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஊரைச் சுற்றக் கிளம்பினாள். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்தால், அங்கே ஓரத்தில் டாக்டரும் ஜானுவும் நிற்கிறார்கள். வரும்போது காரோடு வந்தவர்கள், போகும்போது கார் இல்லை என்பது அவர்களுக்கு அப்போதுதான் உறைத்திருந்தது. இரண்டு ஆட்டோ வந்து, வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட்டுப் போயிருந்தது. பஸ்ஸைக் காணோம்.

"நிறுத்து பாய்" என்றாள் கெங்கம்மா. தலையை நீட்டி, "ஏறு சார். ஏறும்மா" என்றாள்.

டாக்டர் சட்டைப்பையைத் தடவினார். "பர்ஸை எடுத்துட்டு வரலை கெங்கம்மா. அடையாறு வரைக்கும் என்ன ஆகும்னு சொல்லு, நாளைக்குக் குடுத்தனுப்பிடறேன்."

"கடன்லாம் ஆவாது சார். சும்மா ஏறு."

டாக்டர் நின்ற இடத்திலேயே நின்றார். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார், ஆனால் குரலில் கொஞ்சம் தாங்கல் இருந்தது. "நான் சும்மா குடுத்தப்போ நீ மாட்டேன்னுட்டியே?"

"அன்னிக்கு வாங்கிக்கினு இருந்தா, இன்னிக்கு உன்ன எப்பிடி சார் ஏறுன்னு சொல்லுவேன்?"

டாக்டர் ஜானுவை முதலில் ஏற்றிவிட்டு, தானும் ஏறி, இருபத்திரண்டு வருஷம் தன்னுடையதாக இருந்த சீட்டில், விருந்தாளி மாதிரி விளிம்பில் உட்கார்ந்தார்.

"கதவ மெதுவா சாத்து சார்" என்றாள் கெங்கம்மா. "பொட்டு இன்னும் காயல."